எட்டுப் படகும் ஒரு கவுண்ட்டரும்

(கணிப்பொறிப் பொறியியல், இறுதியாண்டு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டிய அன்றைக்கே நம் வகுப்பில் எல்லோரும் கவிதைப் பக்கம் ஓடிவிட்டார்கள். நட்பு, காதல், தாய் மூன்று தலைப்பும் முதல் நாளிலேயே காலி! எனக்கு மிஞ்சியது டேட்டாபேஸ் கனெக்ஷன். சிரிக்காதீர்கள். இதற்குள்ளும் ஒரு மனிதக் கதை இருக்கிறது. பொறுமையாகப் படித்தால் வைவாவுக்கும் உதவும்.

நம் பிராஞ்சில் ப்ராஜெக்ட் என்றால் பெரும்பாலும் என்ன? ஒரு ஜாவா வெப் அப்ளிகேஷன், அதை ஓட்ட ஒரு டாம்கேட் சர்வர், பின்னால் ஒரு மை எஸ்.கியூ.எல். டேட்டாபேஸ். நூலகமோ, விடுதியோ, பஸ் பாஸோ... தலைப்புதான் மாறும், உள்ளே இருப்பது இந்த மூன்றுதான். லாகின் பக்கம் திறந்து 'வெல்கம்' என்று வந்துவிட்டால் ப்ராஜெக்ட் முடிந்தது என்று டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறோம். அந்த மூன்றையும் கட்டியிருக்கும் முடிச்சு எங்கே அவிழும், அவிழ்ந்தால் யார் தலையில் விழும் என்பதை நான் வகுப்பறையில் தெரிந்துகொள்ளவில்லை. இன்-பிளான்ட் டிரெய்னிங்குக்காகக் கடலூர் போன இடத்தில் தெரிந்துகொண்டேன்.

கதைக்கு முன் கொஞ்சம் பாடம். (ஓடாதீர்கள், இரண்டே பக்கம்!)

லேப்பில் படித்ததும் படிக்காததும்

லேப்பில் நாம் எழுதிய ப்ரோக்ராம் எல்லோருக்கும் மனப்பாடம். டிரைவர் மேனேஜரைக் கூப்பிட்டு, யூசர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து ஒரு கனெக்ஷன் வாங்கு. கேள்வியை அனுப்பு. பதிலை அச்சிடு. மூடு. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கு. அவ்வளவுதான்.

ஒரு ஆள், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ப்ரோக்ராம் என்றால் இதில் குறையே இல்லை. வெப் சர்வர் வேறு விஷயம். டாம்கேட் ஒன்றும் மாற்றாமல் வைத்தாலே ஒரே நேரத்தில் 200 த்ரெட் வரை ஓடவிடும். 200 பேரும் ஆளுக்கொரு புதுக் கனெக்ஷன் திறந்தால் என்ன ஆகும்?

ஒரு கனெக்ஷன் திறப்பது சும்மா இல்லை. முதலில் இரண்டு மெஷினும் நெட்வொர்க்கில் கை குலுக்க வேண்டும். பிறகு பாஸ்வேர்டு சரிபார்ப்பு. பிறகு டேட்டாபேஸ் தன் பக்கம் அந்த ஆளுக்கென்று இடம் ஒதுக்க வேண்டும். மை எஸ்.கியூ.எல். ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் ஒரு த்ரெட் வைக்கிறது. போஸ்ட்கிரஸ் ஒரு தனி பிராசஸே வைக்கிறது. இவ்வளவும் முடிந்த பின் நாம் கேட்கிற கேள்வி என்னவோ, 'இந்த எண்ணுக்குப் பெயர் என்ன?' என்பது மட்டும்தான்! ஒரு வாய் காபிக்கு அடுப்பு மூட்டி, பாத்திரம் விளக்கி, பால்காரரைத் தேடிப் போன கதை.

டேட்டாபேஸும் எத்தனை பேரை வேண்டுமானாலும் உள்ளே விடாது. மை எஸ்.கியூ.எல்.லில் நாம் மாற்றாதவரை வரம்பு 151. போஸ்ட்கிரஸில் 100. அதற்கு மேல் வருகிறவனுக்குக் கதவடைப்புதான்.

இதற்கு ஜாவாக்காரர்கள் கண்டுபிடித்த வழி வெகு காலத்துக்கு முந்தியது. சன் நிறுவனம் ஜாவாவை வெளியிட்டது 1995. டேட்டாபேஸோடு பேசுகிற ஜே.டி.பி.சி. வந்தது 1997, ஜே.டி.கே. 1.1 உடன். அடுத்த பதிப்பான ஜே.டி.பி.சி. 2.0-வோடுதான் 'டேட்டாசோர்ஸ்' என்பதும், 'கனெக்ஷன் பூல்' என்பதும் முறைப்படி வந்து சேர்ந்தன. டாம்கேட்டும் சன் நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதத் தொடங்கியதுதான். 1999-ல் அதை அப்பாச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். 2010-ல் சன் நிறுவனமே ஆரக்கிளிடம் போய்விட்டது. டாம்கேட் மட்டும் அப்பாச்சியில் இன்றும் இலவசமாகவே இருக்கிறது. நம் மாதிரிப் பிள்ளைகள் பிழைக்கிறோம்.

பிச்சாவரம் சொல்லும் பாடம்

பூல் என்றதும் நீச்சல் குளம் ஞாபகம் வந்தால் மறந்துவிடுங்கள். நமக்குப் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது: பிச்சாவரம்.

சிதம்பரத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கிள்ளை தாண்டிப் பிச்சாவரம். 1975-ல் வந்த 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். வருகிற அதே சுரபுன்னைக் காடு. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறையில் டிக்கெட் எடுத்தால் படகு தருகிறார்கள். நாம் போகும்போது யாராவது புதிதாய் மரம் அறுத்துப் படகு செய்கிறார்களா? இல்லை. படகுகள் கரையில் தயாராக நிற்கின்றன. ஏறுகிறோம், சுற்றுகிறோம், திரும்புகிறோம். அதே படகில் அடுத்த குடும்பம் ஏறுகிறது. எல்லாப் படகும் உள்ளே போயிருந்தால் வரிசையில் நிற்கிறோம்.

கனெக்ஷன் பூலும் இதுதான் நண்பர்களே! சர்வர் சில கனெக்ஷன்களைத் திறந்து கரையில் கட்டி வைக்கிறது. ப்ரோக்ராம் கேட்டால் ஒன்றை அவிழ்த்துக் கொடுக்கிறது. நாம் 'க்ளோஸ்' என்று எழுதும்போது அது உண்மையில் மூடுவதில்லை, கரைக்குத் திரும்புகிறது. இந்த ஒரு வரியை வைவாவில் சொன்னால் எக்ஸ்டர்னல் நிமிர்ந்து உட்காருவார்!

டாம்கேட்டோடு வருகிற டி.பி.சி.பி. என்ற பூலில் நாம் எழுதிக் கொடுக்க வேண்டியவை எல்லாமே படகுத் துறைக் கேள்விகள்தான்.

மொத்தம் எத்தனை படகு? அதற்குப் பெயர் மேக்ஸ்-டோட்டல். நாம் எழுதாவிட்டால் 8.

ஆளில்லாத நேரத்தில் எத்தனை படகைக் கட்டி வைக்கலாம்? மேக்ஸ்-ஐடில். அதுவும் 8.

படகு இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? மேக்ஸ்-வெயிட்-மில்லிஸ். நாம் எழுதாவிட்டால் மைனஸ் 1. அதாவது படகு வரும்வரை காத்திரு, எத்தனை யுகமானாலும் சரி!

ஏற்றுவதற்கு முன் படகு ஓட்டையா என்று பார்க்கிறாயா? டெஸ்ட்-ஆன்-பாரோ. மை எஸ்.கியூ.எல். 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம், யாரும் பேசாத கனெக்ஷனைத் தன் பக்கம் அறுத்துவிடும். இரவு முழுக்க ஓடுகிற சர்வரில் காலையில் முதல் ஆள் கிளிக் செய்ததும் எர்ரர் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சோதித்துக் கொடுத்தால் அறுந்த படகில் யாரும் ஏற மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. போன படகு திரும்பவில்லை என்றால் என்ன செய்வாய்? இந்தக் கேள்வியில்தான் என் கதை இருக்கிறது.

எங்கே எழுதுவது?

அதற்கு முன், தம்பி தங்கைகள் கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மொத்தம் நான்கு இடம்.

ஒன்று: மை எஸ்.கியூ.எல். டிரைவர் ஜார் கோப்பை டாம்கேட்டின் 'லிப்' ஃபோல்டரில் போட வேண்டும். ப்ராஜெக்ட்டுக்குள் இருக்கும் லிப் ஃபோல்டரில் போட்டால் போதாது. ஏனென்றால் படகு கட்டுவது டாம்கேட், நம் ப்ரோக்ராம் இல்லை.

இரண்டு: ப்ராஜெக்ட்டின் 'மெட்டா-இன்ஃப்' ஃபோல்டரில் 'கான்டெக்ஸ்ட்' என்ற எக்ஸ்.எம்.எல். கோப்பில் ரிசோர்ஸ் ஒன்றை எழுதி, பெயர், யூசர், பாஸ்வேர்டு, டேட்டாபேஸ் முகவரி, மேலே சொன்ன எண்கள் எல்லாம் கொடுக்க வேண்டும்.

மூன்று: 'வெப்' எக்ஸ்.எம்.எல்.லில் அதே பெயரை ரிசோர்ஸ்-ரெஃப் என்று குறிப்பிட வேண்டும்.

நான்கு: ஜாவா ப்ரோக்ராமில் அந்தப் பெயரைச் சொல்லித் தேட வேண்டும். இந்தத் தேடலுக்குப் பெயர் ஜே.என்.டி.ஐ. முன்னால் 'ஜாவா கோலன் காம்ப் ஸ்லாஷ் என்வ்' என்று சேர்க்க மறந்தால் 'பெயர் இல்லை' என்று திட்டு விழும்.

இப்படிச் செய்வதில் இன்னொரு லாபம். பாஸ்வேர்டு ப்ரோக்ராமுக்குள் இருக்காது. டேட்டாபேஸ் வேறு மெஷினுக்குப் போனாலும் ஒரு கோப்பில் ஒரு வரி மாற்றினால் போதும், கம்பைல் செய்ய வேண்டாம்.

டாம்கேட் 10 முதல் சர்வ்லெட் வகுப்புகள் 'ஜாவாக்ஸ்' பெயரிலிருந்து 'ஜகார்த்தா' பெயருக்கு மாறிவிட்டன. ஆனால் டேட்டாசோர்ஸ் மட்டும் 'ஜாவாக்ஸ்' பெயரிலேயே இருக்கிறது, அது ஜாவாவின் சொந்தச் சொத்து என்பதால். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிட்டு ராத்திரி முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள்.

பாடம் முடிந்தது. இனி கதை.

கடலூர் ஓ.டி. கவுண்ட்டர்

டிரெய்னிங் கடலூர் என்.டி.யில், ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில். காலையில் சிதம்பரத்தில் பாசஞ்சர் ஏறினால் கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று நின்று நின்று போகும். கையில் சாப்பாட்டு டப்பா, பையில் நோட்டு. முதல் வாரம் எனக்குக் கிடைத்த வேலை, பழைய கோப்புகளை அடுக்குவது!

இரண்டாம் வாரம் ஒரு போன் வந்தது. ஓ.டி.யில் நகைக்கடன் கொடுக்கிற கடை ஒன்று. ஊர், பெயர் எல்லாம் வேண்டாம். அவர்களுக்கு இந்த ஆபீஸ்தான் ப்ரோக்ராம் பராமரிப்பு. அங்கே கம்ப்யூட்டர் அடிக்கடி 'நின்னு போவுது' என்று புகார். எனக்கு வழிகாட்டியாக இருந்த அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

போய்ப் பார்த்தால் வாசல் வரை வரிசை. பெரும்பாலும் துறைமுகத்துப் பக்கம் மீன் விற்கிற பெண்கள். வட்டி கட்ட வந்தவர்கள், நகை மீட்க வந்தவர்கள். கவுண்ட்டரில் ஒரு அக்கா. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எர்ரர் இல்லை, பதிலும் இல்லை.

மேனேஜர் எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"ப்ரோக்ராம்ல ஒண்ணும் இல்ல சார். முன்னாடி இருந்த பொண்ணு வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சி. இந்தப் பொண்ணு வந்த மாசத்துலேர்ந்துதான் இப்புடி. எதையோ அமுக்குது, மொத்த ஆபீசும் நின்னு போவுது. இந்த மாசத்தோட நின்னுக்கன்னு சொல்லிட்டேன். ஆள மாத்துனா சரியாயிடும்."

அக்கா காதில் விழும்படியே சொன்னார். அந்த மாதம் தர வேண்டிய ஊக்கத்தொகையையும் நிறுத்தியிருந்தார்கள். அக்கா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. வரிசையில் இருந்த ஒரு ஆயாவிடம், "செத்த இரு ஆயா, வந்துடும்" என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் ரீஸ்டார்ட் செய்தார். ஓடியது. மேனேஜர், "பாத்தீங்களா, நீங்க தொட்டா ஓடுது" என்றார்.

திரும்பும்போது நான் கேட்டேன், "அண்ணே, எர்ரர் எதுவுமே வரலியே?"

"அதான் தம்பி பிரச்சினையே. எர்ரர் வந்தா புடிச்சிடலாம். சும்மா சுத்துனா எதப் புடிக்கிறது? நீ ஒண்ணு செய். ரெண்டு நாளு அந்த அக்கா பின்னாடி உக்காந்து, என்ன அடிக்கிறாங்க, என்ன வருதுன்னு ஒண்ணு விடாம நோட்டுல எழுது."

எழுதினேன். நேரம், அடித்த எண், வந்த பதில். நண்பர்களே, நான் எழுதிய ரெக்கார்டு நோட்டுகளிலேயே உருப்படியானது அதுதான் என்று நினைக்கிறேன்!

அந்தப் பெண்கள் ரசீதை மடித்துச் சுருக்குப் பையில் வைத்திருப்பார்கள். வியர்வையிலும் மீன் தண்ணியிலும் ஊறி எழுத்து அழிந்திருக்கும். 3 எது, 8 எது என்று தெரியாது. அக்கா ஒரு எண்ணை அடிப்பார், 'இந்த எண்ணில் கடன் இல்லை' என்று வரும். இன்னொன்று அடிப்பார், சரியாக வரும். அவசரப்படாமல், ஒருவரிடமும் எரிந்து விழாமல் செய்வார்.

"நா என்ன தம்பி பண்றது? அவங்க குடுக்கற ரசீதுல தெரியறதத்தான் அடிக்கிறேன்" என்றார் ஒரு தடவை. அவ்வளவுதான் அவர் பேசியது.

முதல் நாள் 11.20-க்கு நின்றது. ரீஸ்டார்ட். மறுபடி 3.05-க்கு நின்றது. மறுநாள் 12.40-க்கு. நேரத்தில் ஒரு ஒழுங்கும் இல்லை. ரயிலில் வரும்போது நோட்டைப் புரட்டி, வேறு வேலையில்லாமல் 'எண்ணில் கடன் இல்லை' என்று வந்த இடங்களுக்கு மட்டும் பென்சிலில் டிக் போட்டேன். முதல் நாள் காலை நிற்பதற்கு முன் 8 டிக். ரீஸ்டார்ட்டுக்குப் பின் 3.05 வரை 8 டிக். மறுநாளும் 8!

எட்டு... அந்த எண்ணை எங்கோ படித்திருக்கிறோமே!

மறுநாள் ஆபீஸில் அண்ணனிடம் நோட்டைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் கான்டெக்ஸ்ட் கோப்பைத் திறந்தார். அதில் மேக்ஸ்-ஆக்டிவ் 100 என்று இருந்தது. நூறு படகு! பிறகு எட்டு எங்கிருந்து வந்தது?

விஷயம் இதுதான். டாம்கேட் 7 வரை அந்தப் பெயர் மேக்ஸ்-ஆக்டிவ். டாம்கேட் 8 முதல் உள்ளே இருக்கும் டி.பி.சி.பி. இரண்டாம் பதிப்புக்கு மாறியது, பெயரும் மேக்ஸ்-டோட்டல் என்று மாறிவிட்டது. பழைய பெயரில் எழுதினால் புது டாம்கேட் அதைக் கண்டுகொள்ளாது. 'இந்தப் பெயர் இப்போது இல்லை, மேக்ஸ்-டோட்டல் போடு' என்று லாக் கோப்பில் ஒரு வரி எச்சரிக்கை எழுதிவிட்டு, தன் வழக்கமான 8-ஐ வைத்துக்கொண்டு போய்விடும். லாகைத் தேடினோம். அந்த வரி தினமும் காலையில் ஒருமுறை வந்துகொண்டே இருந்தது. யாரும் படிக்கவில்லை.

அந்தக் கடைக்குப் புது மெஷின் வாங்கி, டாம்கேட் 9 போட்டது எந்த மாதம்? பில்லைப் பார்த்தோம். அந்த அக்கா வேலைக்குச் சேர்ந்த அதே மாதம்!

அடுத்து ஜாவா கோப்பு. எண் விசாரிக்கிற சர்வ்லெட். முதலில் கனெக்ஷன் வாங்குகிறது. கேள்வி கேட்கிறது. எண் கிடைக்காவிட்டால் செய்தியைக் காட்டிவிட்டு அங்கேயே 'ரிட்டர்ன்'. கனெக்ஷனை மூடுகிற வரி அதற்குக் கீழே இருக்கிறது! எண் கிடைத்தால் படகு கரைக்கு வரும். கிடைக்காவிட்டால் படகு சுரபுன்னைக் காட்டுக்குள்ளேயே நின்றுவிடும். எட்டாவது படகும் காட்டுக்குள் நின்றபின் ஒன்பதாவதாக யார் கேட்டாலும், மேனேஜர் அறையிலிருந்து கேட்டாலும், முடிவில்லாமல் காத்திருக்க வேண்டியதுதான். காத்திருக்கும் நேரம்தான் மைனஸ் 1 ஆயிற்றே! அதனால்தான் எர்ரரே வரவில்லை.

பழைய மெஷினில் மட்டும் ஏன் நிற்கவில்லை? அங்கே படகு 100. ராத்திரி மெஷினை அணைத்துவிடுவார்கள், காலையில் எல்லாம் புதிதாய்த் தொடங்கும். ஒரு நாளில் 100 தவறான எண் வருவதில்லை. ஓட்டை அன்றும் இருந்தது. தெரியவில்லை, அவ்வளவுதான்.

'அந்தப் பொண்ணு எதையோ அமுக்குது' என்று மேனேஜர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். அக்கா அடித்த எண்ணால்தான் நின்றது. ஆனால் அது அவர் வேலை. அழிந்த ரசீதை விசாரிக்கத்தான் அவரை உட்கார வைத்திருக்கிறார்கள். வேறு யாரை உட்கார வைத்தாலும் ஒன்பதாவதில் நின்றிருக்கும்.

"நீங்களே அடிங்க சார்"

அன்று சாயங்காலம் ஓ.டி.க்குப் போனோம். கவுண்ட்டர் மூடியாகிவிட்டது. அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். அண்ணன் இருக்கச் சொன்னார். மேனேஜரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்.

"சார், ஒரு சின்ன டெஸ்ட்டு. இல்லாத நம்பரா பாத்து நீங்களே அடிங்க. நாங்க யாரும் தொடல."

மேனேஜர் அடித்தார். 'கடன் இல்லை.' இரண்டு. மூன்று. நான் பக்கத்து மெஷினில் டேட்டாபேஸின் 'ஷோ பிராசஸ்-லிஸ்ட்' கட்டளையைப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு முறையும் 'ஸ்லீப்' என்று ஒரு வரி கூடிக்கொண்டே போனது. ஏழு. எட்டு. ஒன்பதாவது எண்ணுக்கு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மேனேஜர் இரண்டு நிமிடம் திரையையே பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"நா எதையும் தப்பா அமுக்கலியே" என்றார்.

"அவங்களும் அதான் சார் சொன்னாங்க" என்றார் அண்ணன்.

அதன்பின் அண்ணன் திருத்திய ப்ரோக்ராமைப் போட்டார். வேலை பெரிதில்லை. 2011-ல் ஜாவா 7-உடன் வந்த 'ட்ரை-வித்-ரிசோர்சஸ்' முறையில், கனெக்ஷன் வாங்குவதை ட்ரை-யின் அடைப்புக்குள்ளேயே எழுதிவிட்டால் போதும். எந்த வழியாக வெளியே போனாலும், ரிட்டர்ன் ஆனாலும் எர்ரர் ஆனாலும், ஜாவாவே மூடிவிடும். கான்டெக்ஸ்ட் கோப்பில் பெயரை மேக்ஸ்-டோட்டல் என்று மாற்றினார். காத்திருக்கும் நேரத்தை 10,000 மில்லிவிநாடி, அதாவது 10 விநாடி ஆக்கினார். தொலைந்த படகைத் தேடுகிற ரிமூவ்-அபான்டன்ட்-ஆன்-பாரோ, அந்தப் படகை எடுத்துப் போனது ப்ரோக்ராமின் எந்த வரி என்று லாகில் எழுதுகிற லாக்-அபான்டன்ட், இரண்டையும் ஆன் செய்தார். இனி வேறெங்காவது ஓட்டை இருந்தால் கோப்புப் பெயரும் வரி எண்ணும் தானே வந்து நிற்கும்.

"தம்பி, இப்ப நீ அடி. முப்பது தடவ."

முப்பது தடவை இல்லாத எண் அடித்தேன். ஓடிக்கொண்டே இருந்தது.

மேனேஜர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "நாளைக்கு வந்துடும்மா" என்றார். நிறுத்தி வைத்த ஊக்கத்தொகை அந்த மாதக் கடைசியில் கைக்கு வந்துவிட்டது என்று பிறகு அண்ணன் சொன்னார். அக்கா அன்று வாசல் வரை வந்து என்னிடம் சொன்னது இதுதான்: "பணம் கெடக்கட்டும் தம்பி. வரிசையில நின்ன சனமெல்லாம் என்னத் திட்டுச்சே... அவங்களுக்கு யாரு போயி சொல்லுவா?"

அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

நூறு போட்டால் தீருமா?

இந்தக் கதையை நான் வகுப்பில் சொன்னபோது ஒரு நண்பன் கேட்டான்: "மேக்ஸ்-டோட்டல் நூறுன்னு மாத்தினா முடிஞ்சிதேடா, எதுக்கு இவ்ளோ?" நல்ல கேள்வி. நிற்பது மறைந்திருக்கும், ஓட்டை மறைந்திருக்காது. ராத்திரியும் ஓடுகிற மெஷினாக இருந்தால் ஒரு வாரம் கழித்து நிற்கும். அப்போது கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

சரி, உண்மையில் எத்தனை படகு வேண்டும்? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1961-ல் ஜான் லிட்டில் என்பவர் நிரூபித்தது. ஒரு விநாடிக்கு வருகிறவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் வைத்திருக்கிறார்கள், இரண்டையும் பெருக்கு. விநாடிக்கு 40 கோரிக்கை, ஒவ்வொன்றும் கனெக்ஷனை 0.05 விநாடி வைத்திருக்கிறது என்றால் 40 × 0.05 = 2. சராசரியாக இரண்டே படகு! அந்தக் கடையில் விநாடிக்கு ஒரு கோரிக்கைகூட வராது. எட்டு தாராளம்.

அதே ஆள் கனெக்ஷனைக் கையில் வைத்துக்கொண்டே ரசீது தயாரித்து, எஸ்.எம்.எஸ். அனுப்பி 2 விநாடி பிடித்துக்கொண்டால்? 40 × 2 = 80. டேட்டாபேஸ் வேலை முடிந்ததும் படகை விட்டுவிட்டு, மற்ற வேலையைக் கரையில் நின்று செய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

அதிகப் படகு விட்டால் வேகம் வரும் என்பதும் எப்போதும் சரியில்லை. பிச்சாவரத்துக் குறுகிய வாய்க்காலில் நூறு படகை இறக்கினால் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். போஸ்ட்கிரஸ்காரர்கள் சொல்கிற தொடக்கக் கணக்கு: டேட்டாபேஸ் மெஷினின் கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, டிஸ்க் எண்ணிக்கையைக் கூட்டு. 4 கோர், 1 டிஸ்க் என்றால் 9. இப்போது பலரும் பயன்படுத்துகிற ஹிகாரி என்ற பூலில் எழுதாவிட்டால் வருவது 10. அங்கே காத்திருக்கும் நேரமும் 30 விநாடியோடு முடிந்து எர்ரர் வந்துவிடும். பெரிய ஊர்க்காரர்களே பத்தில் தொடங்குகிறார்கள் என்றால் நமக்கு ஏன் நூறு?

பெரிய அளவில் பார்க்க வேண்டுமா? ரயில்வேயைப் பாருங்கள். ஐ.ஆர்.சி.டி.சி. ஆன்லைன் டிக்கெட் தொடங்கியது 2002. 2014-ல் புதிய இ-டிக்கெட் அமைப்பு வந்தபோது நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்பது 7,200 ஆக உயர்த்தப்பட்டது. தட்கல் முன்பதிவு 2015 முதல் ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி என்று பிரிக்கப்பட்டது. ஏன்? எல்லோரும் ஒரே நிமிடத்தில் ஒரே வாசலில் வந்து மோதக் கூடாது என்பதற்காக. வாசலைப் பெரிதாக்குவது ஒரு வழி, வரிசையைப் பிரித்து விடுவது இன்னொரு வழி. இரண்டும் வேண்டும்.

நிறைவாக...

இறுதியாண்டு நண்பர்களே, ப்ராஜெக்ட்டை ஒப்படைக்கும் முன் உங்களிடமே நான்கு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கனெக்ஷனும் எந்த வழியாகப் போனாலும் கரைக்குத் திரும்புகிறதா? காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு முடிவு எழுதியிருக்கிறேனா? நெட்டிலிருந்தோ சீனியர் நோட்டிலிருந்தோ எடுத்த பெயர்கள் நான் போட்டிருக்கும் டாம்கேட் பதிப்புக்குப் பொருந்துமா? லாக் கோப்பைத் தொடக்கத்திலிருந்து ஒருமுறையாவது படித்தேனா?

சோதிக்கும்போது சரியான எண்ணை மட்டும் அடித்துப் பார்க்காதீர்கள். தவறான எண்ணை அடியுங்கள். ஒருமுறை இல்லை, முப்பது முறை. சரியான எண் நம் லேப்பில்தான் எப்போதும் வரும். வெளியே வருவது சுருக்குப் பையில் மடித்து, நனைந்து, பாதி அழிந்த ரசீதுதான்.

இன்னும் சில மாதத்தில் நம்மில் பலர் வேலைக்குப் போய்விடுவோம். நாம் எழுதுகிற ப்ரோக்ராமின் முன்னால் நாம் உட்கார்ந்திருக்க மாட்டோம். நம்மைத் தெரியாத யாரோ ஒரு அக்காவோ அண்ணனோ உட்கார்ந்திருப்பார். வட்டம் சுற்றும்போது வரிசையில் நிற்பவர்கள் திட்டுவது அவரைத்தான், நம்மை இல்லை. மூடுகிற வரியை அதற்குரிய இடத்தில் எழுதுவது அவருக்கு நாம் செய்கிற மரியாதை.

அனைவருக்கும் வைவா நன்றாக அமைய வாழ்த்துகள்!